மனித உரிமைகளைக் கொண்டு ஆங்கில வாசிப்பும் எழுத்தும்: வன்னிக்கு வரும் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் உட்புறப் பாடசாலைகளுக்கு முதல் நியமனம் பெற்று வரும் ஆங்கில ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடநூலில் உள்ள பத்தியை வாசிக்கவைத்து, வினாக்களுக்கு விடை எழுதவைத்து, தவணைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் தாங்களாகவே ஆங்கிலத்தில் ஏதேனும் சொல்ல முற்படும்படி ஒரு பொருள் வேண்டும் என்று தேடியபோது எனக்கு அகப்பட்டது மனித உரிமைகள். எந்தத் தாளை எங்கே எடுப்பது, யாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது, எந்த மாதத்தில் தொடங்கினால் நடுவழியில் நின்றுபோகாது என்பவற்றைச் சொல்லித்தர ஆளில்லாமல் தட்டுத்தடுமாறித்தான் அறிந்துகொண்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கும் வேண்டியதில்லை. இங்கே சொல்பவை தரம் 8 முதல் 11 வரையான வகுப்புகளுக்குப் பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுப்பது ஆங்கிலப் பாடம். உரிமைகள் பற்றிய அறிவைக் குடியுரிமைக் கல்விப் பாடம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஏற்கெனவே ஓரளவு தந்திருக்கிறது. தெரிந்த அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் நடக்கப்போகிறோம். பாடவேளை முடியும்போது பிள்ளையின் கொப்பியில் அதுவே எழுதிய ஆங்கில வாக்கியம் குறைந்தது இரண்டு இல்லையென்றால், கலந்துரையாடல் எவ்வளவு சூடாக நடந்திருந்தாலும் அந்தப் பாடவேளை கணக்கில் சேராது.

1. வகுப்பின் வாசிப்பு நிலையை முதலில் அறியுங்கள்

முதல் வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஐந்து எளிய வரிகள் கொண்ட ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் உங்கள் மேசைக்கு அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி வாசிக்கச் சொல்லுங்கள். முழு வகுப்பின் முன் எழுப்பி வாசிக்கச் சொன்னால், வாசிக்கத் தெரியாத பிள்ளை அன்றைக்கே உங்கள் பாடத்திலிருந்து விலகிவிடும். பெரும்பாலான வகுப்புகளில் மூன்று கூட்டம் தெரியவரும்: சரளமாக வாசிப்பவர்கள் சிலர், எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் பலர், எழுத்துகளையே தடுமாறி அடையாளம் காண்பவர்கள் சிலர். தரம் 9இலும் மூன்றாம் கூட்டம் இருக்கும். அதிர்ச்சியடைய வேண்டாம், கீழ் வகுப்புகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாமலே ஏறிவந்த பிள்ளைகள் அவர்கள். பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போதும். அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி மேசையில் விட்டுச் செல்லாதீர்கள்.

2. தேவையான ஆவணங்கள்

அடிப்படையில் இரண்டு ஆவணங்கள் போதும். ஒன்று, 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, 30 உறுப்புரைகள் கொண்ட உலக மனித உரிமைகள் பிரகடனம். மற்றது, 1989இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1991இல் இலங்கையும் ஏற்புறுதி செய்த, 54 உறுப்புரைகள் கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம். பிரகடனத்தின் ஆங்கில வடிவமும் தமிழ் வடிவமும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சமவாயத்தைப் பொறுத்தவரை, யுனிசெஃப் வெளியிட்டுள்ள, சிறுவர்களுக்கென எளிமைப்படுத்திய ஆங்கில வடிவத்தையே எடுங்கள், மூலம் சட்டத்தரணிகளுக்கானது. தரம் 11க்கு மட்டும், விரும்பினால், நம் நாட்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அது மூன்று மொழிகளிலும் இருக்கிறது. சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் எல்லாவற்றையும் தொலைபேசியில் இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பாடசாலைக்குப் போய்த் தேடலாம் என்று இருக்காதீர்கள்.

புதியவர்கள் வழக்கமாக விழும் குழி, முப்பது உறுப்புரைகளையும் அச்சிட்டு வகுப்பில் பகிர்ந்துகொடுப்பது. பிள்ளைகள் அதை மடித்துப் பைக்குள் வைப்பார்கள், கதை முடிந்தது. ஒரு தவணைக்கு ஆறு, மிஞ்சினால் எட்டு உறுப்புரை போதும். நான் எடுப்பவை: பிரகடனத்தில் 13 (நடமாட்டம்), 15 (ஒரு நாட்டின் குடியுரிமை), 19 (கருத்து), 24 (ஓய்வு), 25 (உணவு, உடை, வீடு, மருத்துவம்), 26 (கல்வி), சமவாயத்தில் 12 (பிள்ளையின் கருத்துக்குச் செவிகொடுத்தல்), 31 (விளையாட்டு). சித்திரவதை, தடுத்துவைப்பு பற்றிய, பிரகடனத்தின் 5ஆம், 9ஆம் உறுப்புரைகளை வகுப்பை நன்றாக அறிந்த பிறகு, தரம் 11இல் மட்டும், வெறும் மொழி அமைப்புக்காக எடுக்கலாம். எடுக்காமல் விட்டாலும் குறைவில்லை.

3. அனுமதியும் பாடக்குறிப்பும்

மனித உரிமைகள் என்ற சொல்லைக் கேட்டதும் சில அதிபர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த மண்ணில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பொருட்படுத்தாமல் விவாதிக்கப் போகாதீர்கள். தலைப்பைச் சொல்லி அனுமதி கேட்பதைவிடத் தாள்களைக் காட்டிக் கேட்பது நல்லது. எட்டுப் பாடத்துக்கான வாசிப்புத் தாள், ஒவ்வொன்றின் கீழும் அது வளர்க்கும் தேர்ச்சி, சாதாரண தரப் பரீட்சையில் அது எந்த வகை வினாவுக்கு உதவும் என்ற ஒரு வரி ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு அதிபரிடம் கொடுத்து, இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் ஆங்கில ஆசிரிய ஆலோசகருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மேற்பார்வைக்கு வருபவர்கள் கேட்கும் முதற் கேள்வி, பாடநூல் எங்கே நிற்கிறது என்பதே. ஆகவே பாடக்குறிப்பில் ஒவ்வொரு பாடத்தையும் பாடநூலின் அலகு ஒன்றோடு இணைத்தே எழுதுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியிலுள்ள தேர்ச்சி மட்ட இலக்கத்தைப் பக்கத்தில் குறித்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

குடியுரிமைக் கல்வி கற்பிக்கும் ஆசிரியரோடும் ஒரு தேநீர் குடியுங்கள். அவர் எந்த அலகை எப்போது முடிக்கிறார் என்று தெரிந்தால், அதற்கு அடுத்த வாரமே அதே பொருளை ஆங்கிலத்தில் எடுக்கலாம். தமிழில் விளங்கியிருப்பதால் விளக்கத்துக்குப் போகும் நேரம் பாதியாகக் குறையும்.

4. செலவு

35 பிள்ளைகள், எட்டுப் பாடம் என்று கொள்வோம். ஒரு ஏ4 தாளில் அதே பத்தியை மேலும் கீழும் இரு தடவை அச்சிட்டு நடுவே வெட்டினால், ஒரு பாடத்துக்கு 18 தாள், மொத்தம் 144. போட்டோப் பிரதிக்குப் பக்கம் 10 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும் 1,440 ரூபாய். வாங்கில் அருகருகே இருக்கும் இருவருக்கு ஒன்று என்றால் அதில் பாதி. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்புறக் கடைகளில் கூடுதலாகவே இருக்கும், மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வேறு அலுவலாகப் போகும் நாளில் மொத்தமாக அடித்துக்கொண்டு வருவது மலிவு. பாடசாலையில் பிரதியெடுக்கும் றோனியோ இயந்திரம் ஓடுமானால் தாளை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். டிமை தாள் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) நாலைந்தும் மார்க்கர் பேனை இரண்டும் தவிர வேறு செலவில்லை. தாளுக்குப் பதிலாகக் கரும்பலகையில் எழுதிப் போடலாமே என்று தோன்றும். எழுத்துக் கூட்டுபவர்கள் பார்த்து எழுதி முடிக்கவே பாடவேளையில் பாதி போய்விடும்.

நிறுவனம் எதுவும் இதற்குப் பணம் தருவதாக முன்வந்தால், அதிபரூடாக வலயத்துக்கு அறிவிக்காமல் வாங்கவேண்டாம். பணத்தோடு, பிள்ளைகளைப் படமெடுக்கும் கருவியும் வரும்.

5. காலத்தைத் தெரிவு செய்தல்

டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள் என்பதால் அதை நோக்கித் திட்டமிடத் தோன்றும். அந்த நாட்கள் மாரி மழையும் வெள்ளமும் தவணைப் பரீட்சையும் ஒன்றாக வருபவை. வெள்ளம் கூடினால் பாடசாலையே இடைத்தங்கல் முகாமாகிவிடும். காலபோக நெல் அறுவடையும் கச்சான் பிடுங்கலும் நடக்கும் ஆண்டின் முதல் மாதங்களிலும் வரவு குறையும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கமும், ஓகஸ்ட் நடுப்பகுதியில் மடு மாதா திருவிழாவுக்கு மன்னார்ப் பக்கமும் வகுப்பு காலியாக இருக்கும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், இரண்டாம் தவணையில் வாரத்துக்கு ஒரு பாடம் வீதம் எட்டு வாரம் எடுப்பதே உகந்தது. பிள்ளைகள் எழுதியவற்றை ஒக்டோபர் 1, சிறுவர் தினத்தன்று சுவரில் ஒட்டலாம். இயன்றவரை அடுத்தடுத்து வரும் இரட்டைப் பாடவேளையைக் கேட்டுப் பெறுங்கள். 40 நிமிடத்தில் வாசிக்கலாம், எழுத முடியாது.

6. வாசிப்புப் பாடம் ஒன்றை நடத்தும் முறை

பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் அது ஒரே வாக்கியம்: ஓய்வுக்கும் ஓய்வு நேரத்துக்கும் எல்லோருக்கும் உரிமையுண்டு, வேலை நேரத்துக்கு நியாயமான வரையறையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைகளும் அதில் அடங்கும் என்பது அதன் சாரம். தாளில் மூன்று வடிவம் இருக்கட்டும். மேலே மூல வாக்கியம். நடுவில், நீங்களே நான்கு குறு வாக்கியங்களாக உடைத்தெழுதிய எளிய வடிவம். அடியில் தமிழ். தமிழை முதலில் வாசிக்கவிடுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று யாரேனும் சொன்னால், பொருள் தெரியாமல் வாசிப்பது ஒப்புவித்தலேயன்றி வாசிப்பு ஆகாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பிறகு எளிய வடிவம், கடைசியில் மூலம். எழுத்துக் கூட்டும் பிள்ளைகூட மூல வாக்கியத்துக்கு வந்துசேரும்போது அதன் பாதிச் சொற்களை அடையாளம் கண்டுவிடும்.

பிரகடனம் முழுவதிலும் இரண்டு வாக்கிய அமைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன: 'எவ்ரிவன் ஹாஸ் த றைட் டு' என்று தொடங்குவது ஒன்று, 'நோ வன் ஷால் பி' என்று தொடங்குவது மற்றது. முதலாவது, உரியதைச் சொல்கிறது. இரண்டாவது, செய்யக்கூடாததைச் செயப்பாட்டுவினையில் சொல்கிறது. இவை இரண்டையும் டிமை தாளில் பெரிதாக எழுதித் தவணை முழுவதும் சுவரில் தொங்கவிடுங்கள். 'எவ்ரிவன் ஹாவ்' என்று எழுதும் பிழை முதல் மூன்று வாரம் விடாமல் வரும். சுவரைக் காட்டினால் போதும், விளக்கவுரை வேண்டாம். 'றைட் டு' என்பதற்குப் பின் பெயர்ச்சொல்லும் வரும், வினைச்சொல்லும் வரும் என்பதைக் 'கல்விக்கு' என்ற 26ஆம் உறுப்புரையையும் 'சொத்து வைத்திருக்க' என்ற 17ஆம் உறுப்புரையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

பின்னர் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் மிகக் குறைவாக ஓய்வெடுப்பவர் யார்? வகுப்பு ஏறத்தாழ ஒரே குரலில் அம்மா என்று சொல்லும். அம்மாவின் ஒரு நாளை எழுதச் சொன்னால், நீங்கள் கேட்காமலே நிகழ்கால வினைகள் வரிசைகட்டி வரும். 'மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபோர்' என்று தொடங்கி, கிணற்றடி, மாடு, தோட்டம், சமையல் என்று போன ஒரு கொப்பியின் கடைசி வரி 'மை மதர் ஹாஸ் நோ ஹொலிடே' என்றிருந்தது. எழுதியவர் எழுத்துக் கூட்டி வாசிக்கும் கூட்டத்துப் பிள்ளை. நிகழ்கால வினையில் எஸ் சேர்க்கும் விதியைப் பயிற்சிப் புத்தகத்தால் ஓராண்டாகப் பதியவைக்க முடியாமலிருந்த பிள்ளையும் அதுவே.

7. படிவம் நிரப்பும் பாடம்

குடியுரிமை பற்றிய, பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரையைப் படிவத்தோடு இணைத்து எடுப்பது இங்கே மிகப் பயனுள்ளது. போரில் இடம்பெயர்ந்து ஆவணங்களை இழந்து, நடமாடும் சேவைகளில் காத்திருந்து பிரதி எடுத்த குடும்பங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஒரு தாள் இல்லாததால் என்னவெல்லாம் நின்றுபோகும் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளைகளின் உண்மையான பிறப்புச் சான்றிதழை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவே சொல்லாதீர்கள். இவர்கள் கையிலுள்ள பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர், இனம் மட்டுமன்றி, பெற்றோர் விவாகமானவர்களா என்ற கட்டமும் இருக்கிறது. பக்கத்து வாங்குப் பிள்ளை அதை எட்டிப் பார்த்தால், அன்றைய பாடம் வேறெங்கோ போய்விடும். மூலப் பிரதி தொலைந்தால் வீட்டுக்கு அலைச்சல் வேறு. கற்பனைப் பிள்ளை ஒன்றின் விபரத்தை ஒரு பத்தியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, வெற்றுப் படிவம் ஒன்றை நீங்களே வரைந்து, பத்தியை வாசித்துப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். வாசிப்பும் எழுத்தும் ஒரே பயிற்சியில் முடிந்துவிடும்.

அடுத்து, தங்கள் சொந்தப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பிள்ளை வரவுப் பதிவில் ஒரு மாதிரியும், கொப்பி உறையில் இன்னொரு மாதிரியும், பரிசுச் சான்றிதழில் வேறொரு மாதிரியும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அடையாள அட்டை, பரீட்சை அனுமதி, கடவுச்சீட்டு என்று வரும்போது இந்த எழுத்து வேறுபாடு பெற்றோரைப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளர் கந்தோருக்கும் இழுத்தடிக்கும். வீட்டில் உள்ள சான்றிதழைப் பார்த்து ஓர் எழுத்துக்கூட்டை உறுதிசெய்து, அதையே இனி எப்போதும் எழுதும்படி சொல்லுங்கள். அடையாள அட்டைக்கான விண்ணப்பம் பாடசாலையூடாகப் போகும் வயதுக்கு முன்பே, தரம் 9இலேயே, இதை முடித்துவிடுவது நல்லது.

8. கேட்கக் கூடாத கேள்வி

'உன் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சம்பவத்தை எழுது' என்ற தலைப்பு வெளிநாட்டுப் பயிற்சித் தாள்களில் சாதாரணமாக வரும். வன்னியில் அதைக் கொடுக்காதீர்கள். வகுப்பில் இருப்பவர்கள் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் காணாமற்போன மாமாவின் படம் சுவரில் இருக்கும் வீட்டிலிருந்து வருபவர்களும், காணி இன்னும் திரும்பக் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். மொழிப் பயிற்சிக்காக ஒரு பிள்ளையின் துயரத்தைத் தோண்டி எடுக்க நமக்கு உரித்தில்லை. பிரகடனத்தின் 12ஆம் உறுப்புரை தனிமைக்கும் குடும்பத்துக்கும் தரும் பாதுகாப்பு வகுப்பறைக்கும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன்.

கேட்காமலே பிள்ளை எழுதினால் விடயம் வேறு. போர் பற்றிய நினைவானால், சிவப்பு மையால் இலக்கணத்தைத் திருத்தாமல், வாசித்தேன் என்று அடியில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். மற்றவர் முன் வாசிக்கவோ சுவரில் ஒட்டவோ வேண்டாம். இப்போது நடக்கும் அடி, துன்புறுத்தல், வேலைக்கு அனுப்புதல் பற்றியதானால், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கும் அதிபருக்கும் அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை வகுப்பறைச் சுவரில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டிவிடுங்கள், அதுவும் ஒரு வாசிப்புத் தாள்தான்.

9. எழுத்தைப் படிப்படியாக நீட்டுதல்

மூன்று கூட்டத்துக்கும் ஒரே பொருள், மூன்று அளவு. எழுத்தில் தடுமாறுபவர்கள் சுவரிலுள்ள அமைப்பை எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதட்டும். நடுக் கூட்டம் அந்த வாக்கியத்தோடு 'பிகோஸ்' சேர்த்துக் காரணம் சொல்லட்டும். சரளமானவர்கள் ஒரு பத்தி. மூன்றாம் வாரத்தில், வகுப்புக்கான உரிமைகளும் கடமைகளும் என்ற ஓர் அறிவித்தலைக் குழுவாக எழுதச் சொல்லலாம். அறிவித்தல், கடிதம், கட்டுரை ஆகியவை சாதாரண தரப் பரீட்சையிலும் வருபவை என்பதால் பெற்றோரும் அதிபரும் மகிழ்வார்கள்.

கடிதத்துக்கு வரும்போது ஓர் இடையூறு இருக்கிறது. பேருந்து வராதது பற்றியோ கிணற்று நீர் பற்றியோ பிரதேச சபைக்கு ஆங்கிலத்தில் எழுதவைப்பது பொய்யான பயிற்சி. வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதே முறை, அது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆங்கிலம் உண்மையாகவே தேவைப்படும் வாசகர் ஒருவரைத் தேடிக்கொடுங்கள். நமது அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. தெற்கிலுள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலை ஒன்றின் அதே தர வகுப்புக்கு, நாங்கள் எப்படிப் பாடசாலைக்கு வருகிறோம், எங்கே விளையாடுகிறோம் என்று பிரகடனத்தின் 26ஆம், சமவாயத்தின் 31ஆம் உறுப்புரைகளை ஒட்டி எழுதச் சொன்னால், அங்கே ஆங்கிலத்தைத் தவிர இருவருக்கும் வேறு வழியில்லை. கல்வியியற் கல்லூரியிலோ பயிற்சிக் கருத்தரங்கிலோ அறிமுகமான சிங்கள நண்பர் ஒருவர் அங்கே ஆங்கிலம் கற்பிப்பாரானால் வேலை இலகு.

இதற்கு இரு அதிபர்களின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கடிதங்களில் முதற்பெயர் மட்டும் இருக்கட்டும். வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் கூடாது. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பாடசாலை முகவரியிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். மறுகடிதம் வர ஒரு தவணைகூட ஆகலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் அதே கேள்விதான்.

10. திருத்தமும் கோப்பும்

எல்லாப் பிழைகளையும் வட்டமிட்டால் கொப்பி சிவக்கும், பிள்ளை அடுத்த முறை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு இரண்டு வகைப் பிழை மட்டும், அதுவும் முன்பே அறிவித்து. திருத்தியபின் மீண்டும் எழுதவையுங்கள். புள்ளி இரண்டாவது பிரதிக்கே. கருத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். பிரகடனத்தின் ஓர் உறுப்புரையோடு தனக்கு உடன்பாடில்லை என்று ஒரு பிள்ளை எழுதினால், காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதே உங்கள் கேள்வி.

வாசிப்புத் தாள்களின் மூலப் பிரதிகள், அனுமதிக் கடிதங்கள், நிலை அறிந்த பட்டியல், தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில், கறையான் எட்டாத இரும்பு அலுமாரியில் வையுங்கள். இங்கே இடமாற்றம் எந்த ஆண்டும் வரலாம். போகும்போது பட்டியலைக் கிழித்துவிட்டு, மிகுதிக் கோப்பை அதிபர் முன்னிலையில் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் இன்னும் வரவில்லையென்றால், குடியுரிமைக் கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள்.